செண்பகவல்லியின் தோளில் விழுந்த பின்னல்

"நல்ல மனுஷி. இருந்தவரைக்கும் யாரையும் ஒரு சுடுசொல் சொன்னதில்ல" என்று மினிபஸ்ஸில் முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். பின்சீட்டில் ஜெராக்ஸ் காகிதக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சுகிர்தா, யாரோ செத்துப்போனவர்களைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றுதான் நினைத்தாள். "எந்த மனுஷி?" என்று மற்றவள் கேட்க, "தாலுகா ஆபீஸ் எதுத்தாப்புல ஜெராக்ஸ் கடை வச்சிருந்தாகல்லா, செண்பகவல்லி அக்கா, அவுகதான்" என்று இவள் விளக்கியதும், காகிதக் கட்டு மடியிலிருந்து நழுவிக் காலில் விழுந்தது.

ஏனென்றால் அந்தச் செண்பகவல்லி சுகிர்தாவின் அம்மா. அந்த நேரத்தில் அவள் கடையில்தான் இருந்தாள். மிஷினில் சிக்கிய தாளை உருவிக்கொண்டும், மிஷினையும் அதைச் செய்தவனையும் அவனைப் பெற்றவளையும் வைதுகொண்டும் இருந்தாள். ஆதார் நகலில் மூக்கு கறுப்பாக விழுந்துவிட்டது என்று போன மாசியில் கடை வாசலில் நின்று சண்டை போட்டு, அம்மாவிடம் "உன் மூக்கு அப்படித்தான் இருக்கு, கண்ணாடியில போய்ப் பாரு" என்று வாங்கிக் கட்டிக்கொண்டு போனவளும் இதே முன்சீட்டுப் பெண்தான்.

கோவில்பட்டி ஊருணித் தெருவில் பெண்களின் கூந்தல் நிறம் மாறியது பங்குனியில். முந்தின நாள் இரவு கறுப்பாகவும் நரையாகவும் மருதாணிச் சிவப்பாகவும் படுத்தவர்கள், காலையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வந்து நின்றபோது நீலமாகவும் ரோஜா நிறமாகவும் ஊதாவாகவும் பச்சையாகவும் வந்து நின்றார்கள். லாரிக்காரன் குழாயைத் திறந்துவிட்டு ஒருமுறை பார்த்தான். "வரிசையில நில்லுங்க, நீலமுடி அக்கா, அடுத்து ஊதா" என்றான். அவ்வளவுதான், அன்றைக்கு அதற்குமேல் யாரும் ஆச்சரியப்படவில்லை, தண்ணீர் ஒரு வாரம் கழித்து வந்திருந்தது. கடையில் விற்ற டை எல்லாம் பூசிப் பார்த்தார்கள், ஒரு தலைக்குளியலில் எல்லாம் ஓடிப்போனது. ஆண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே நரை, அதே வழுக்கை, அதே எண்ணெய்.

நிறம் வந்த கையோடு குணமும் வந்து ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டு முப்பிடாதி, சீரியல் பார்த்து அழுவாள், குறட்டை விடுவாள், மோரை யார் கேட்டாலும் செம்போடு தூக்கிக் கொடுப்பாள், நன்றாகப் பாடுவாள். அவளுக்குச் செக்கச்செவேல் என்று இரட்டைக் குடுமி முளைத்ததிலிருந்து, முகம் சிவக்கக் கத்துவது ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். குழம்பைக் கிண்ணத்தில் கொண்டுவந்து நங்கென்று வைத்துவிட்டு, "உனக்காக ஒண்ணும் கொண்டாரல, மிஞ்சிப்போச்சு, கொட்டுறதுக்குப் பதிலா கொடுக்கேன்" என்று காதோரம் சிவந்து ஓடுவாள். "கோவமே வரலட்டி, ஆனா வாய் பாட்டுக்குத் திட்டுது" என்று ஒருநாள் சுகிர்தாவிடம் மூச்சிரைக்கச் சொல்லி, சொன்னதற்காகவும் திட்டிவிட்டுப் போனாள். நீலமுடியாகிப்போன ஞானசெல்வி டீச்சர், வாய் ஓயாமல் பேசிப் பேசியே பையன்களுக்குப் பின்னம் புரியவைத்தவள், இப்போது ஜன்னல் பக்கம் பார்த்து நின்றாள், கேள்வி கேட்டால் "இல்லை" என்பாள், அதற்குமேல் மூன்று புள்ளி வைத்ததுபோல நிறுத்திக்கொள்வாள். தெருமுனை வீட்டு ஜெபா ரோஜா நிறம். தினமும் காலேஜுக்கு நேரமாகி, வாயில் தோசையைக் கவ்விக்கொண்டு ஓடி, திருப்பத்தில் யார்மேலாவது மோதி விழுந்தாள். அந்தத் திருப்பத்தில் காலை வேளையில் தலைவாரிப் பவுடர் போட்டு நிற்கும் பையன்களுக்கு டீக்கடைக்காரர் ஒரு பெஞ்சே போட்டுக்கொடுத்தார்.

இதெல்லாம் என்ன என்று தெரிந்த ஒரே ஆள் சுகிர்தாதான். கல்லூரி விடுதியில் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன் படங்களைப் பார்த்தவள். அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்தே வரையக் கற்றுக்கொண்டவள். முதல் நாள் லாரி வரிசையைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, சிவப்பு என்றால் திட்டிக்கொண்டே நேசிப்பவள், நீலம் என்றால் பேசாதவள், ரோஜா என்றால் தடுக்கி விழுபவள், கண்ணாடி போட்டுப் பின்னல் போட்டால் வகுப்புத் தலைவி. தன் தலைமுடி மாறவே இல்லை என்பதையும், மாறாததற்கு என்ன அர்த்தம் என்பதையும்கூட அவள் உடனே புரிந்துகொண்டாள். வகுப்பறைக் காட்சிகளில் கடைசி வரிசையில் கண் மூக்கு வரையாமல் விட்டுவிடுவார்களே, அந்தப் பெண்களில் ஒருத்தி. கடையில் சில்லறை வாங்குகிறவர்கள் அவள் கையை மட்டும் பார்த்தார்கள். கூச்ச சுபாவக்காரியான அவளுக்கு அது ஒருவிதத்தில் சௌகரியமாகவும் இருந்தது.

தெருவுக்கோ ரொம்பவே சௌகரியம். தரகர் ஜாதகக் கட்டில் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் முடி நிறத்தை எழுதினார். கோயிலில் அர்ச்சனைக்கு "பேரு, நட்சத்திரம், முடி?" என்று கேட்டார்கள். எந்தப் பெண்ணிடமும் யாரும் எதுவும் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. தூரத்திலிருந்து தலையைப் பார்த்தால் போதும். "இத்தனை வருஷமா இவ என்ன நினைக்கான்னு மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தேன், இப்பதான் நிம்மதி" என்று முப்பிடாதியின் புருஷன் டீக்கடையில் சொன்னதற்கு எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் அந்த நிம்மதி யாருக்கும் தூக்கம் கொடுக்கவில்லை. பெண்கள் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தார்கள், கரிசல் காற்று கதவுகளை அடித்துக்கொண்டே இருந்தது.

செண்பகவல்லிக்கு மட்டும் எல்லோருக்கும் பிந்தி, சித்திரை பிறந்த பிறகுதான் வந்தது. நிறமாக வரவில்லை. எப்போதும் கொண்டையாக இறுக்கி முடிந்து பேனாவைச் செருகிவைத்திருப்பாள். ஒருநாள் காலை அந்தக் கொண்டை தானாக அவிழ்ந்து, தளர்ந்த ஒற்றைப் பின்னலாகி, இடது தோள்வழியே முன்னால் வந்து விழுந்தது. பின்னால் தள்ளினால் திரும்ப வந்தது. கிளிப் போட்டால் கிளிப் உடைந்தது. அவள் போகிற இடமெல்லாம் சாயங்கால வெயில் மாதிரி ஒரு மஞ்சள் வெளிச்சம் கூடவே போக ஆரம்பித்தது, உச்சிவேளையில்கூட. பக்கத்தில் மரமே இல்லாத கடை வாசலில் புங்கம்பூ உதிர்ந்து, அவள் அதைக் கூட்டிக் கூட்டி இடுப்பொடிந்து, "எவன் வீட்டு மரம்டா இது?" என்று வானத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"உனக்குத்தான் இந்த ஜப்பான்காரன் படமெல்லாம் அத்துப்படியாச்சே" என்று முப்பிடாதி வந்து சுகிர்தாவைக் கேட்டாள். "மதினிக்கு இது என்னட்டி?"

நேராகக் கேட்டுவிட்டால் பொய் சொல்ல வராது என்பதுதான் சுகிர்தாவின் கஷ்டம். "அத்தை... அந்த மாதிரி பின்னல் போட்ட அம்மா..." என்று இழுத்தாள்.

"சொல்லித் தொலையேன்."

"கதை ஆரம்பிக்கதுக்கு முன்னாடியே செத்துப்போயிருவாங்க. யாராவது நினைக்கும்போது மட்டும் வருவாங்க. சிரிப்பாங்க, தலையைத் தடவுவாங்க. அவ்வளவுதான்."

பால் பொங்கி இறக்குவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஊருணித் தெரு அதை எப்படி ஏற்றுக்கொண்டது என்றால், கல்யாணப் பத்திரிகை வந்தால் தேதியைப் பார்த்துவிட்டு அலமாரியில் வைப்பதுபோல. யாரும் அழவில்லை. முதலில் பெயருக்கு முன்னால் "பாவம்" என்று சேர்த்தார்கள். பிறகு "இருக்காக" என்பது "இருந்தாக" என்று ஆனது. கடைக்கு வருகிறவர்கள் நகல் எடுத்துக்கொண்டு, செண்பகவல்லியின் தலைக்கு ஒரு சாண் மேலே இருந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். ஒருவன் கடை வாசலை அடைத்துக்கொண்டு பைக்கை நிறுத்தினான். "ஏலே, உங்கப்பன் வீட்டு இடமா இது? எடுடா வண்டியை!" என்று செண்பகவல்லி அலறினாள். அவன் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா எப்பவும் என் வண்டிமேல அக்கறையா இருப்பாக" என்று சொல்லிவிட்டு வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போனான்.

முதலில் செண்பகவல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். "நான் செத்துட்டேனாம்டி. அப்ப கரண்ட் பில்லை யாரு கட்டுவான்னு கேளு" என்றாள். அப்புறம் கத்தினாள். கத்தினால் ஜனங்களுக்கு அறிவுரையாகக் கேட்டது. கத்துவதை நிறுத்தினால் அமைதியின் திருவுருவம் என்றார்கள். வீட்டுக்காரர் ஐயம்பெருமாள், தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர், ஒரு வாரம் வரை "என் பொண்டாட்டி குத்துக்கல்லு மாதிரி இருக்கா" என்று தெருவோடு சண்டை போட்டார். பிறகு அவரும் ஜன்னலோரம் நின்று தூரத்தைப் பார்க்கத் தொடங்கினார். அந்த மாதிரிக் கதைகளில் அப்பா பேண்ட் பாக்கெட்டில் கைவிட்டு நிற்பார். இவர் லுங்கியில் பாக்கெட் இல்லாததால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒருநாள் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து, மஸ்கட்டில் ஒரு வேலை இருக்கிறதாம் என்றார். "போறதுன்னா மளிகை வாங்கிப் போட்டுட்டுப் போங்க" என்று செண்பகவல்லி சொன்னதற்கு, "அவ சிரிச்சமேனிக்கு வழியனுப்பியிருப்பா" என்று ஜன்னலிடம் சொன்னார்.

அம்மா சொல்வது சொன்னபடியே கேட்டது சுகிர்தாவுக்கு மட்டும்தான். அதனால் அவள் கடைக்கும் வீட்டுக்கும் இடையில் ஓடிக்கொண்டே இருந்தாள். அம்மா சொல்வதைத் திருப்பிச் சொல்லவேண்டும் என்று வாயெடுப்பாள், கூச்சத்தில் தயங்குவாள், அதற்குள் கேட்டவர்கள் போயிருப்பார்கள்.

அவளிடம் வேறொன்றும் இருந்தது. தை மாதத்தில் சென்னையில் ஒரு அனிமேஷன் படக் கம்பெனியிலிருந்து அவளுக்கு வேலை வந்தது. ஜப்பானிலிருந்து முதல் படமும் கடைசிப் படமும் வரும், ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள், பிறகு எழுந்து நிற்பாள், அவள் எப்படி எழுந்தாள் என்பதை இடையில் வரைய வேண்டும், அதுதான் வேலை. போனை அம்மா எடுத்திருக்கிறாள். "அவளுக்கு இஷ்டமில்லைங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஒரு மாதம் காத்திருந்து சுகிர்தாவே கூப்பிட்டுக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது, அதற்குள் வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். அதை அவள் அம்மாவிடம் கேட்கவில்லை. இன்று கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று தினமும் ஒத்திகை பார்த்தாள், அந்தக் கோபம் நெஞ்சுக்குள் அடுப்பு மாதிரி எரிந்துகொண்டே இருந்தது.

பின்னல் தோளில் விழுந்த பிறகு அந்த அடுப்பு கொஞ்சம் கொஞ்சமாக அவிந்தது. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் அம்மாவைப் பார்த்தால் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. போதாததற்குத் தெரு அவளைக் கவனிக்கத் தொடங்கியிருந்தது. தாயில்லாப் பெண் என்று பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். "எவ்வளவு கஷ்டத்துலயும் சிரிச்ச முகம்" என்றார்கள். கண்ணாடியில் பார்த்தபோது, வரையாமல் விட்ட முகத்தில் கண்கள் பெரிசாகியிருந்தன, முடியின் நுனியில் லேசாக ரோஜா நிறம் ஏறியிருந்தது. அம்மா மங்க மங்க, கதை அவளுடையதாக ஆகிக்கொண்டிருந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது என்பதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவும் அவளுக்குப் பயமாக இருந்தது.

மூக்குச் சண்டைக்காரியே அம்மாவை நல்ல மனுஷி என்றதைப் பஸ்ஸில் கேட்ட அன்று அவள் காகிதக் கட்டோடு கடைக்கு ஓடினாள். கடையில் முப்பிடாதியும் இன்னும் இரண்டு பெண்களும் நின்றிருந்தார்கள். வருகிற அமாவாசைக்குச் செண்பகவல்லிக்குப் படையல் வைப்பதாக முடிவாகி, படம் பிரிண்ட் போட வந்திருந்தார்கள். ஊரில் பெரிய அளவுக்குக் கலர் பிரிண்ட் போடுகிற கடை அதுதான். ஆகவே செண்பகவல்லியே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, தன் படத்தைத் தானே பெரிதாக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் படம் வேண்டாம், அதுல எனக்குத் தாடை தொங்குது" என்றாள்.

"அக்கா எதைக் கொடுத்தாலும் சரிம்பாக" என்று ஒருத்தி சொல்லி மூக்கைச் சிந்தினாள்.

"ஏட்டி, சும்மா நிக்காத" என்று முப்பிடாதி சுகிர்தாவைப் பார்த்துக் கத்தினாள். "சூடம் நீதான் ஏத்தணும். உனக்காக ஒண்ணும் சமைக்கல, அரிசி ஊறப்போட்டாச்சு, அதுக்காகச் செய்யுதோம்."

அவர்கள் போன பிறகு சுகிர்தா அம்மாவுக்கு எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "எம்மா, உனக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டாள்.

செண்பகவல்லி லேமினேஷன் மிஷினில் தன் படத்தை விட்டுக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். உதடு அசைந்தது. "எல்லாம் உன் நல்லதுக்குத்தான் கண்ணு" என்று சுகிர்தாவுக்குக் கேட்டது.

அவள் எழுந்துவிட்டாள். அம்மா பிறந்ததிலிருந்து அவளைக் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. மூதேவி என்பாள், ஊமைக்கோட்டான் என்பாள், ரொம்பப் பிரியம் வந்தால் ஏட்டி என்பாள். "என்னம்மா சொன்ன? திரும்பச் சொல்லு" என்றாள். "சாப்பிட்டியா கண்ணு" என்று கேட்டது. அம்மாவின் வாய் அதைச் சொல்லவில்லை என்பது தெரிந்தது. புருவம் நெரிந்து, கழுத்து நரம்பு புடைத்து, வாய் வேறெதையோ கத்திக்கொண்டிருந்தது. ஆனால் காதில் அதுதான் விழுந்தது, தேன் மாதிரி, புங்கம்பூ மாதிரி. சுகிர்தா கடையைவிட்டு இறங்கித் தாலுகா ஆபீஸைச் சுற்றிச் சுற்றி நடந்தாள், கடை அடைக்கும்வரை நடந்தாள். அம்மா இதற்குமுன் வைததில் ஒரே ஒரு வாக்கியத்தையாவது ஞாபகப்படுத்தப் பார்த்தாள். எல்லாம் கண்ணு கண்ணு என்றே வந்தது. தான் வரையப் பழகிய தாள்களில் அந்த மாதிரி அம்மாக்களுக்கு ஒரே ஒரு படம்தான் இருக்கும் என்பது ஞாபகம் வந்தது. எழுந்து நிற்பதற்கு இடைப்படமே கிடையாது.

அமாவாசையன்று உச்சிவேளையில் ஐயம்பெருமாள் வீட்டு முன்னறையில் தெருவே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. சுவரோரம் நாற்காலியில் லேமினேட் செய்த படம், மாலை, முன்னால் விளக்கு, அதற்கு முன்னால் தலைவாழை இலை. செண்பகவல்லிக்கு உயிர் என்று சொல்லிப் பாயசமும் சர்க்கரைப் பொங்கலும் கேசரியுமாக வைத்து, ஓரத்தில் கொஞ்சம் சோறும் கூட்டும் வைத்திருந்தார்கள். இனிப்பென்றாலே அவளுக்கு ஆகாது என்பதைச் சொல்ல அங்கே யாருக்கும் ஞாபகம் இல்லை. அவளே அடுப்படி வாசலில், மஞ்சள் வெளிச்சத்தில், பின்னலோடு நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தாள், யாரும் திரும்பவில்லை. வெளிச்சம் அவள் இடுப்புவரை ஊடுருவிச் சுவரில் விழுந்தது.

சூடத்தட்டைச் சுகிர்தாவின் கையில் கொடுத்தார்கள். எல்லாக் கண்களும் அவளைப் பார்த்தன. அவள் முடி இப்போது தோள்வரை ரோஜா நிறமாகியிருந்தது. "தைரியமான பிள்ளை" என்று யாரோ சொன்னார்கள். அந்த அறையைவிட்டு ஓடிவிட வேண்டும் என்று இருந்தது அவளுக்கு.

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

"எம்மா. சென்னையிலிருந்து போன் வந்தப்ப எனக்கு இஷ்டமில்லைன்னு நீ எதுக்குச் சொன்ன?"



"ஏட்டி, செத்தவகிட்டச் சண்டை போடலாமா?" என்றாள் முப்பிடாதி.

"நீங்க சும்மா இருங்க அத்தை. எம்மா, உன்னைத்தான் கேக்கேன். என்னை ஒரு வார்த்தை கேட்டியா? எனக்கு வந்த போன், எனக்கு வந்த வேலை. நீ யாரு வேண்டாம்னு சொல்ல? ஒரு மாசம் போனையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன், நீ என் எதுத்தாப்புல உக்காந்து பூண்டு உரிச்ச!"

"எல்லாம் உன் நல்லதுக்குத்தான் கண்ணு" என்று இனிமையாக வந்தது.

"கண்ணாம் கண்ணு!" அவள் குரல் உடைந்து கிறீச்சென்று ஏறியது, அப்படி ஒரு குரல் தனக்கு இருப்பது அவளுக்கே தெரியாது. "என்னைக்கு என்னைக் கண்ணுன்னு கூப்பிட்ட? நல்லவ மாதிரி நடிக்காத. நீ நல்லவ இல்ல. பொய் சொல்லுவ, போன் வந்ததை ஒளிச்சுவைப்ப, எல்லாரையும் அடக்கிவைப்ப. நான் உன்னை மன்னிக்கல. இன்னைக்கும் மன்னிக்கல. நீ எனக்குப் பதில் சொல்லு!"

ஐயம்பெருமாள் ஜன்னலைவிட்டுத் திரும்பினார். வெளிச்சம் ஒருமுறை நடுங்கியது.

"ஆமாடி, சொன்னேன்!" என்றது அடுப்படி வாசல். ஜனங்கள் பின்னால் நகர்ந்து ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். "நான்தான் சொன்னேன், இப்ப என்ன செய்யணும்? பல் டாக்டர்கிட்டப் போனாலே எந்தப் பல்லு வலிக்குதுன்னு நான் சொல்லணும், ஊமைக்கோட்டான், நீ மெட்ராஸுல தனியா இருந்து கிழிச்சிருவியோ? அங்க எவன்கிட்ட வாயைத் திறப்ப?"

"திறப்பேன்!"

"இன்னைக்குத்தானே திறந்திருக்க! இத்தனை மாசமா எங்க போச்சு இந்த வாய்? பயந்துட்டேன்டி. போனா நீ திரும்பி வரமாட்டன்னு பயந்துட்டேன். தப்புதான். தப்புன்னாலும் நான் செஞ்சதுதான், அதைக் கேக்கதுக்கு என்னைச் சாகடிச்சு, மாலையைப் போட்டு, தெருவைக் கூப்பிட்டு வச்சுத்தான் கேக்கணுமா?"

"சாகடிச்சது நானா? நீ எனக்கு இன்னும் பதில் சொல்லல!"

"சொல்லுதேன், இரு. பசி உயிரு போவுது. இந்த வீட்டுல ஒருத்தராவது எனக்குச் சோறு போட்டு எத்தனை நாளாச்சு?"

"மதினி" என்றாள் முப்பிடாதி மெதுவாக, கத்தாமல், முகம் சிவக்காமல். "சாம்பாரா, ரசமா?"

"சாம்பார். யாருடி பாயசம் வச்சது?"

செண்பகவல்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, விளக்கை ஓரமாக நகர்த்தினாள். படத்துக்கு முதுகைக் காட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இலையைத் தன் பக்கம் இழுத்துப்போட்டாள். பாயசத்தை எடுத்துத் தள்ளி வைத்தாள். சோற்றில் குழி பறித்துச் சாம்பாருக்குக் காட்டினாள், பிசைந்தாள், காக்காய்க்கு வைப்பதற்கு முன்னாலேயே முதல் கவளத்தை வாயில் போட்டாள்.